கண்டிக்கோட்டையில் ட்ரைபாட் இல்லாமல் அந்திப் படம்: சித்தூர், குப்பம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

பாலைவனத்துச் செம்பாறைகள் சாயங்கால வெயிலில் தகதகக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினாலே ஆந்திரத்தின் ராயலசீமை. கடப்பா மாவட்டத்தில் ஜம்மலமடுகுக்குப் பக்கம் கண்டிக்கோட்டை இருக்கிறது. எர்ரமலைக் குன்றுகளை வட பெண்ணை ஆறு அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு அது. சுமார் முந்நூறு அடி ஆழம், இரண்டு பக்கமும் சிவந்த கல். பாலைவனம் இல்லை என்றாலும் வெயிலும் தூசியும் காய்ந்த முள்ளும் அதற்குக் குறைந்தவை அல்ல.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து எழுதப்பட்டவை. 'பொன்னொளி ஒரு மணி நேரம் இருக்கும், நிதானமாக ட்ரைபாடை (கேமராவைத் தாங்கும் முக்காலி ஸ்டாண்ட்) நிறுத்துங்கள்' என்று தொடங்கும். அதை நம்பிப் போனால் பையைத் திறப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே இருக்கும்போதுதான் கல்லில் பொன்னிறம் ஏறத் தொடங்கும். அங்கிருந்து மறைவதற்கு இங்கே இருபத்தைந்து நிமிஷம், டிசம்பரில் மிஞ்சிப்போனால் இருபத்தேழு. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்தே வரும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸ்) மாட்டிய கேமராவோ நல்ல கைபேசியோ வைத்திருக்கும் புதியவர்களுக்கு இது போதும்.

1. மாதத்தையும் மணியையும் முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவி விட்டிருக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். மார்ச்சுக்கு மேல் அனல். பகல் முழுக்கக் காய்ந்த கல்லிலிருந்து எழும் சூட்டில் எதிர்ச் சுவர் நெளியும். தொலைவைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் எடுத்த படம் கை ஆடாமலே மங்கலாக வரும். அதற்கு எந்த ட்ரைபாடும் மருந்தில்லை.

அங்கே சூரியன் மறையும் நேரம் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மாலை 5:45 வாக்கில். ஜனவரி கடைசியில் 6:10. ஜூன் நடுவில் 6:45-ஐத் தாண்டும். போகிற நாளுக்கான நேரத்தைக் கைபேசியின் வானிலைச் செயலியில் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து முப்பது நிமிஷத்தைக் கழியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தேர்ந்த பாறையில், தேர்ந்த இடத்தில், கேமரா தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

செயலி சொல்லும் நேரம் சமவெளிக்கானது. மேற்கே குன்று இருந்தால் அதற்கு முன்பே வெயில் போய்விடும். கையை நீட்டி விரலைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு விரல் தடிமன் ஏறக்குறைய இரண்டு டிகிரி. குன்று ஒரு விரல் உயரம் மறைத்தால் எட்டு நிமிஷம் நஷ்டம், இரண்டு விரல் என்றால் பதினாறு. இருபத்தைந்தில் பதினாறு போனால் மிச்சம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு வேண்டாம். பெங்களூர்க் கூட்டம் முழுக்க வியூ பாயிண்ட்டில்தான் நிற்கும். செவ்வாய், புதன் உத்தமம்.

2. தாள்கள்

அசல் அடையாள அட்டை, எல்லோருக்கும். ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். ஆனால் ஒருவர் பெயரில் பதிவு செய்துவிட்டு நான்கு பேர் போய் நின்றால், நான்கு பேரின் அட்டையையும் கேட்பார்கள். நகல் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, உரிமம். டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனால் வழியில் சிக்னல் இல்லாத பகுதிகள் உண்டு, ஆகவே முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு சொந்தக் கார் என்றால் எல்லையில் தனியாகப் பர்மிட் எதுவும் வேண்டாம். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் மட்டும் கவனம். மஞ்சள் போர்டு வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் கேளுங்கள். இல்லையென்றால் ஆந்திராவுக்குத் தற்காலிக வரி கட்ட வேண்டும். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று சொல்லும் வாடகைக்காரர் அந்தத் தொகையைச் செக்போஸ்டில் உங்கள் தலையில்தான் கட்டுவார். எனக்கு நடந்தது அதுவே. ஒரு மணி நேரம் அங்கேயே போனது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேமரா வாங்கிய பில்லைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். இது ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. சித்தூர், திருப்பதி, கடப்பா மாவட்டக் காட்டோரங்களில் செம்மரக் கடத்தலுக்கான சோதனை எந்த நேரத்திலும் நடக்கும். தமிழ்நாட்டுப் பதிவெண், தமிழ் பேச்சு, முதுகில் பெரிய பை, அந்தி நேரம் எல்லாம் சேர்ந்தால் நிறுத்தி விசாரிப்பார்கள் என்பதை எதிர்பார்த்தே போங்கள். அட்டை, பில், விடுதிப் பதிவு மூன்றையும் காட்டினால் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள். பாறை அழகாக இருக்கிறதே என்று ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் ரிசர்வ் காட்டுக்குள் நுழைவது மட்டும் கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். அங்கே 'படம் எடுக்கத்தான் வந்தேன்' என்ற விளக்கம் எடுபடாது.

இனி ட்ரைபாட் விஷயம். கோட்டைக்குள் இருக்கும் மாதவராயர் கோயில், மசூதி போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. இப்படிப்பட்ட இடங்களில் கையில் பிடித்துப் படம் எடுப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. காலை விரித்து ஸ்டாண்ட் வைத்தால், விளக்கு வைத்தால், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கல்யாண ஜோடிகளைக் கூட்டி வரும் தொழில்முறைக்காரர்களுக்கும் அதே நிலைதான். காவலர் உங்களைக் கேட்டால் 'ஸ்டாண்ட் லேதன்னா' (ஸ்டாண்ட் இல்லை அண்ணா) என்று சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டுங்கள், வேலை முடிந்தது. ட்ரைபாட் இல்லாமல் போவதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான்.

ட்ரோன் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் உள்ள நானோ ட்ரோனுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அதனால் எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தம் ஆகாது. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

3. வழியும் செலவும்

சித்தூரிலிருந்து பீலேரு, ராயச்சோட்டி, கடப்பா வழியாக ஏறக்குறைய 235 கிலோமீட்டர். ராயச்சோட்டிக்கும் கடப்பாவுக்கும் இடையே குவ்வலசெருவு மலைப்பாதையில் லாரிகள் ஊர்ந்து போகும், முந்த முயலாதீர்கள். சாலையோரம் பால்கோவா விற்பார்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம், பாவமில்லை. மொத்தம் ஐந்து மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஜம்மலமடுகு.

தமிழ்நாட்டிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வருகிறவர்கள் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஆந்திராவில் விலை தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் விடக் கூடுதல். லிட்டருக்கு நாற்பத்தைந்து ஓடும் பைக்குக்குப் போக வரப் பத்தரை லிட்டர் ஆகும். பைக்குக்குச் சுங்கம் கிடையாது. காருக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் சென்னை–மும்பை தடத்தில் ரேணிகுண்டா, கடப்பா தாண்டி வரும் முத்தனூரில் இறங்கலாம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். நிற்காத வண்டி என்றால் எர்ரகுண்ட்லாவிலோ கடப்பாவிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஜம்மலமடுகிலிருந்து கோட்டைக்கு சுமார் 15 கிலோமீட்டர். பேருந்து குறைவு, ஆட்டோதான். ஆட்டோவைப் போவதற்கு மட்டும் பேசி அனுப்பிவிட்டால் இருட்டிய பிறகு அங்கே வண்டி கிடைக்காது. தங்கவில்லை என்றால் திரும்புவதற்கும், காத்திருப்பதற்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிடுங்கள். பாதிப் பணம் இறங்கும்போது, மீதி திரும்பியபின்.

ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். ஜிபே எல்லா இடத்திலும் உண்டு, சிக்னல்தான் எல்லா இடத்திலும் இல்லை.

4. ட்ரைபாடுக்குப் பதில் என்ன

இதற்கு மொத்தச் செலவே நூறு ரூபாய்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்து பழகிவிடுங்கள்.

முதலாவது, பை. பழைய ஜீன்ஸின் கால் பகுதியை ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் கவரைப் போட்டு, ஒரு கிலோ ராகியைக் கொட்டி மறுபக்கத்தையும் தைத்துவிடுங்கள். முக்கால் பங்குதான் நிரம்ப வேண்டும். பிதுங்க நிரப்பினால் கேமரா மேலே உருளும், உள்ளே பதியாது. அரிசி, கொள்ளு எதுவும் ஆகும். ராகி சிறுமணி என்பதால் லென்ஸின் வடிவத்துக்கு நன்றாக இழைந்து கொடுக்கிறது. தவிர ஊர் திரும்பியதும் அரைத்துக் களி கிண்டிக்கொள்ளலாம். கண்டிக்கோட்டையில் பாறைக்குப் பஞ்சமில்லை. பையை ஒரு பாறை விளிம்பில் வைத்து, கேமராவை அதில் அழுத்தி, இரண்டு நொடி டைமரில் எடுத்தால் கால் நொடி, அரை நொடி ஷட்டருக்கும் படம் கூர்மையாக வரும். பழைய லென்ஸ் என்றால் பை மேல் வைக்கும்போது ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் அமைப்பை) அணைத்துவிடுங்கள். ஆடாத கேமராவில் அது தானாக ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, கயிறு. கேமராவின் அடியில் இருக்கும் திருகுத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. ஹார்டுவேர் கடையில் 'கால் இஞ்ச் போல்ட், இஞ்ச் மரை' என்று தெளிவாகக் கேளுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் ஆறு எம்எம் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆறு எம்எம் போல்ட் உள்ளே லொடலொடவென்று போகும், அழுத்தித் திருகினால் கேமராவின் மரை நாசம். அடையாளம் தெரியவில்லை என்றால் கேமராவையே கடைக்குக் கொண்டுபோய் விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றிப் போய், ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும்.

போல்ட் எவ்வளவு உள்ளே போகலாம் என்பது அடுத்த பொறி. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போனால் அடித்தட்டில் முட்டும். அதனால் போல்ட்டில் ஒரு நட்டையும் வாஷரையும் ஏற்றி, ஐந்து மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கிவிடுங்கள். போல்ட்டின் தலைப் பக்கம் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் பாதம் நுழையும் அளவு ஒரு வளையம். காலை வளையத்தில் விட்டு, கயிறு விறைக்கும் வரை கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலிழுத்தபடி எடுக்க வேண்டும். மேல்கீழ் ஆட்டம் அப்படியே அடங்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு இது உதவாது. அதற்கு முதுகைப் பாறையில் சாயுங்கள். போல்ட், நட், வாஷர், கயிறு எல்லாம் ஐம்பது ரூபாய்க்குள்.

மூன்றாவது, உங்கள் உடம்பு. நின்றுகொண்டு எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து, முழங்காலைக் குத்துக்காலிட்டு, முழங்கைகளை அதன் மேல் ஊன்றினால் பாதி வேலை முடிந்தது. முழங்கையின் எலும்பு முனையை முழங்கால் சில்லின் மேல் வைக்காதீர்கள், வழுக்கும். சதைப்பற்றான இடத்தில் பதியட்டும். மூச்சை முழுக்க இழுத்து அடக்குவதைவிட, பாதி விட்டு நிறுத்தி, பட்டனை அழுத்துங்கள். அழுத்துவதும் குத்துவதாக இருக்கக் கூடாது. விரலை முன்பே பட்டன் மேல் வைத்து மெல்ல அமுக்க வேண்டும். தொடர் படப்பிடிப்பில் போட்டு நான்கைந்து படம் எடுத்தால், விரல் அமுங்கும் ஆட்டம் முதல் படத்திலும், விரல் எடுக்கும் ஆட்டம் கடைசிப் படத்திலும் போய்விடும். நடுவில் உள்ளதில் ஒன்று நிச்சயம் தேறும்.

பழகுவதற்கு நம் ஊர்ப் பாறையே போதும். குப்பம், பலமனேர்ப் பக்கம் எந்த ஊரில் கருங்கல் குன்று இல்லை? ஆனால் சாம்பல் நிறக் கருங்கல் கடைசிப் பத்து நிமிஷம் வரை நிறம் மாறாது, அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். கண்டிக்கோட்டையின் செங்கல் நிறப் பாறை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும். காற்றில் பழக வேண்டும் என்றால் மதனப்பள்ளிப் பக்கத்து ஹார்ஸ்லி மலையின் காலி பண்டா (தெலுங்கில் 'காற்றுப் பாறை'). அங்கே நின்றுகொண்டு கூர்மையான படம் எடுத்துவிட்டால் எங்கேயும் எடுக்கலாம். கல் குவாரிப் பக்கம் மட்டும் கேட்காமல் போகாதீர்கள், வெடி வைக்கும் இடம்.

5. மூன்று மணிக்கே போய்ப் பாறையைப் பாருங்கள்

டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது நேர் மேற்கில் அல்ல. மேற்கிலிருந்து தெற்கே இருபத்துநான்கு டிகிரி தள்ளி. ஜூனில் அதே அளவு வடக்கே. இது படிப்பதற்குச் சின்ன விஷயம், பாறைக்குப் பெரிய விஷயம். கோட்டை ஆற்றின் வலக்கரையில், அதாவது தென்பக்கம் இருக்கிறது. நீங்கள் நின்று பார்க்கும் எதிர்ச் சுவர் தெற்கு நோக்கியது. ஆகவே குளிர்கால அந்தி வெயில் அதன் மேல் சாய்வாக விழும். இதே சுவருக்கு ஜூன் மாத அந்தியில் இந்த வெயில் கிடைக்காது. 'மாலை போனேன், ஒன்றுமே இல்லை' என்று சொல்பவர்களிடம் எந்த மாதம் என்று கேட்டுப் பாருங்கள்.

வியூ பாயிண்ட்டுக்குப் போனவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். விளிம்பை ஒட்டி, ஆனால் விளிம்பிலிருந்து நான்கு அடி உள்ளே, அரை மணி நேரம் நடங்கள். காலடியில் கல் சதுரம் சதுரமாக, பலகைகளை அடுக்கி வைத்ததுபோல் வெடித்துக் கிடக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே விரல் நுழையும் கீறல்கள் இருக்கின்றன. மதிய வெயிலில் அவை கண்ணுக்கே படாது. வெயில் சாயச் சாய ஒவ்வொரு கீறலின் ஒரு ஓரம் கறுத்து, மறு ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடு விழும், கல்லின் சொரசொரப்பு எழும்பித் தெரியும். முன்னணியில் இப்படி ஒரு கல்லும், பின்னணியில் ஆற்றின் வளைவும் கிடைக்கும் இடங்களாக மூன்றைத் தேர்ந்து வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ராகிப் பையை வைக்க ஏற்ற மட்டமான கல் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். மூன்றுக்கும் இடையே நடக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. கல் மேல் பொடிக் கூழாங்கல் கிடக்கும், செருப்பு வழுக்கும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகர வேண்டாம். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

6. வெயில் இறங்குவதற்குள் கேமராவைத் தயார் செய்யுங்கள்

ரா (RAW) கோப்பில் எடுங்கள், கேமரா பதிந்ததைக் குறைக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு அது. ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விட்டால் கேமரா தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி, பாறையின் சிவப்பை 'சரி செய்து' சாம்பலாக்கிவிடும். டேலைட்டில் நிறுத்துங்கள்.

அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை அளவு) எஃப் 8. எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று எஃப் 22-க்குப் போனால் ஷட்டர் இறங்கிக் கை ஆடும், துளை மிகவும் சிறுத்து ஒளி வளைந்து பரவுவதால் படமும் மொத்தமாக மெத்தென்று ஆகும். 18 மில்லிமீட்டரில் எஃப் 8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து தொலைதூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். முன்னணிக் கல் அதைவிட அருகில் வேண்டாம். ஃபோகஸ் ஆனதும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், அந்தியில் அது அலைபாயாமல் இருக்கும்.

ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று மெனுவில் கட்டிவிடுங்கள். குவியத் தூரத்தின் தலைகீழ்தான் ஷட்டர் என்ற பழைய விதி கிட் லென்ஸின் அகலப் பக்கத்துக்கு 1/30 போதும் என்கிறது. புதியவரின் கைக்கும் பள்ளத்தாக்குக் காற்றுக்கும் அது போதாது. 55 மில்லிமீட்டருக்கு நீட்டினால் 1/200.

செம்பாறைக்கென்று ஒரு தனிப் பொறி உண்டு. அந்தி வெயிலில் சிவப்பு மட்டும் அளவு மீறிப் போய்விடும், ஆனால் சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வீட்டில் வந்து பார்க்கும்போது பாறை வெறும் ஆரஞ்சுத் திட்டாக, கீறல் எதுவும் இல்லாமல் இருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை மெனுவில் தேடிப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்.

போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றுங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும், ட்ரைபாட் இல்லாதவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. யூவி ஃபில்டரும் சூரியனை நோக்கி எடுக்கும்போது பச்சைப் புள்ளிகளைக் கொண்டுவரும். லென்ஸைத் துடைக்க ஊதுகுழல் வேண்டும். துண்டு முனையால் துடைத்தால் அந்த மண் கண்ணாடியில் கோடு போடும்.

7. இருபத்தைந்து நிமிஷம்

சூரியன் 5:45-க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

5:20-க்கு முதல் இடம். வெளிச்சம் தாராளமாக இருக்கும். எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/250 அளவில் நிற்கும். கையிலேயே எடுக்கலாம். அகலக் காட்சியை இப்போதே முடித்துவிடுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கின் அடி ஏற்கெனவே நிழலில் போயிருக்கும், நிழல் எதிர்ச் சுவரில் ஏறிக்கொண்டே வரும். பாதிச் சுவர் ஒளியில், பாதி நிழலில் இருக்கும் நேரம்தான் இந்த இடத்தின் நல்ல படம். ஒளி விழும் பகுதிக்கே அளவெடுங்கள். நிழலைப் பிறகு ராவிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன கல்லை மீட்க வழியில்லை.

5:32 வாக்கில் இரண்டாவது இடத்துக்கு நகருங்கள். இப்போது அகலத்தை விட்டுவிட்டு 55-க்குப் போய், சுவரின் உச்சியில் எஞ்சியிருக்கும் ஒளிப்பட்டையை மட்டும் பிடியுங்கள். உட்கார்ந்து, முழங்கை ஊன்றி, நான்கைந்து படமாக. காற்று வீசினால் ஓயும் வரை காத்திருங்கள். அரை நிமிஷத்தில் ஓயும். அந்த அரை நிமிஷத்தில் பொறுமை இழந்து நூறு படம் எடுப்பவர்கள்தான் அதிகம்.

எடுத்ததை எடுத்தவுடன் திரையில் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இடத்துக்கு ஒரு முறை, பெரிதாக்கி ஃபோகஸை மட்டும் சரிபாருங்கள்.

5:45-க்குக் கூட்டம் கைதட்டிவிட்டுக் கிளம்பும். நீங்கள் மூன்றாவது இடத்துக்குப் போய் ராகிப் பையைப் போடுங்கள். சூரியன் மறைந்ததும் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, 1/125. இருபது நிமிஷம் கழித்து அதே காட்சிக்கு எஃப் 4, ஐஎஸ்ஓ 3200, 1/60 தேவைப்படும். கையில் பிடித்து எடுப்பதற்கு அதுதான் எல்லை. பை இருந்தால் ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து எடுத்து 200-க்கு இறக்கி, ஷட்டரை நீட்டி, டைமரில் எடுக்கலாம். நேரடி வெயில் போன பிறகு பாறையில் நிழலே இல்லாத ஒரு மென்சிவப்பு பரவும். வானத்தில் மெல்லிய மேகம் இருந்தால் அது இன்னும் நன்றாக வரும். என்னைக் கேட்டால் சூரியன் இருந்தபோது எடுத்தவற்றைவிட இந்தப் பதினைந்து நிமிஷத்துப் படங்களே மேல்.

8. கைபேசி மட்டும் இருந்தால்

லென்ஸைத் துடையுங்கள். பாறை மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். சூரியன் மறைந்த பிறகு நைட் மோட் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கும். அப்போது கைபேசியைக் கல்லில் சாய்த்து வைத்தாலே போதும். பேட்டரி ஐம்பதுக்குக் குறைவாகப் போகாதீர்கள்.

9. இருட்டிய பிறகு

6:15-க்கு மேல் விளிம்பில் இருக்க வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று கட்டாயம், கைபேசி வெளிச்சம் போதாது. பகலில் காய்ந்த கல் சூடாக இருப்பதால் பாம்பும் தேளும் அந்தியில் வெளியே வரும். பையைக் கல் இடுக்கில் வைத்திருந்தால் கையை விட்டு எடுக்காமல், முதலில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உதறிவிட்டுத் தோளில் போடுங்கள்.

அன்றிரவே ஊர் திரும்பும் எண்ணம் வேண்டாம். குவ்வலசெருவு மலைப்பாதையை நள்ளிரவில் லாரிகளோடு கடப்பதும், காட்டோரச் சோதனைகளில் பையோடு நிற்பதும் தேவையில்லாத தொல்லை. விடுதியில் தங்கி, படங்களை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, கீறல்களின் ஓரம் இரட்டையாகத் தெரிபவற்றை அப்போதே அழித்துவிடுங்கள். எந்த இடத்தில் அதிகம் ஆடியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பேட்டரியைச் சார்ஜில் போட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள். காலை வெயில் எதிர்த் திசையிலிருந்து வரும், குளிர்காலத்தில் அதுவும் தெற்கே சாய்ந்தே வருவதால் அதே சுவருக்கு மறுபக்கத்து நிழல் கிடைக்கும். நேற்று தேர்ந்த மூன்று இடங்களில் எது தேறுகிறது என்று பார்த்து அங்கேயே நேராகப் போய்விடலாம்.